அளந்து கட்டிய ஆறு

இந்தியாவில் ஆற்றங்கரையை அழகுபடுத்தக் கிளம்பும் மாநகராட்சி எதுவானாலும் முதலில் எடுத்துக்காட்டுவது அகமதாபாத்தின் சபர்மதியைத்தான். இரு கரைகளிலும் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்கு கான்கிரீட் நடைபாதை, புல்வெளி, பூங்கா. நடுவே கோடையிலும் வற்றாத தண்ணீர். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் மணலாகக் கிடந்த ஆறு இது என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். திட்டத்தை எதிர்த்தவர்கள்கூட மாலை நேரத்தில் அங்கே காற்று வாங்கப் போகிறார்கள். அதனாலேயே அந்த எதிர்ப்பு வீண் வேலை என்று பேசுவது இன்று சுலபமாகிவிட்டது. ஆனால் அந்த எதிர்ப்பு இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பது அவசியம்.

யோசனை பழையது. கட்டடக் கலைஞர் பெர்னார்ட் கோன் 1960-களின் தொடக்கத்திலேயே சபர்மதிக் கரை மேம்பாட்டைப் பற்றிப் பேசியிருந்தார். 1997-இல் மாநகராட்சி இதற்கென்றே தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. பிமல் படேல் தலைமையிலான வடிவமைப்பாளர்கள் திட்டம் தீட்டினார்கள். 2005-இல் வேலை ஆரம்பித்தது. 2012-இல் நடைபாதை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

திட்டத்தின் சூட்சுமம் எளிமையானது. சபர்மதி எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் ஓடவில்லை. ஓரிடத்தில் விரியும், ஓரிடத்தில் ஒடுங்கும். இரு பக்கமும் சுவர் எழுப்பி, ஆற்றை 263 மீட்டர் என்ற ஒரே சீரான அகலத்துக்குள் கொண்டுவந்தார்கள். சுவருக்குப் பின்னால் மண் நிரப்பியபோது சுமார் 200 ஹெக்டேர் நிலம் கிடைத்தது. அதில் பெரும்பகுதி பூங்கா, சாலை போன்ற பொதுக் காரியங்களுக்கு. ஒரு பகுதி விற்பனைக்கு. அந்தப் பணத்திலிருந்து செலவை ஈடுகட்டிக்கொள்ளலாம். நகரத்தின் நடுமத்தியில், யாரிடமும் விலை கொடுத்து வாங்காமல் இவ்வளவு நிலம் கிடைப்பது எந்த நிர்வாகிக்கும் கனவு மாதிரி.

நிலம் புதிது என்றார்கள். ஆனால் அந்த இடம் காலியாக இல்லை. ஆலைகள் நிறைந்திருந்த நகரம் அகமதாபாத். பிழைப்புத் தேடி வந்தவர்களில் பலர் ஆற்றோரம் குடிசை போட்டார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் கரையில் குடியிருந்தார்கள். தண்ணீர் வடிந்த மாதங்களில் ஆற்றுப் படுகையில் காய்கறி பயிரிட்டார்கள். சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்தார்கள். எல்லிஸ் பாலத்தருகே ஞாயிற்றுக்கிழமைதோறும் குஜரி பஜார் கூடியது. பழைய கட்டிலிலிருந்து பழைய பாடப்புத்தகம் வரை அங்கே கிடைக்கும். அதன் வரலாறு நகரத்தை நிறுவிய அகமது ஷாவின் காலத்துக்குப் போகிறது என்பார்கள் வியாபாரிகள்.

இவர்கள் எங்கே போவார்கள்? எத்தனை குடும்பங்களுக்கு வீடு, எந்த இடத்தில், எப்போது? சுவரின் உயரமும் அகலமும் அங்குலக் கணக்கில் தீர்மானமாகியிருந்த காலத்தில் இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் இல்லை. கரைவாசிகள் 'சபர்மதி நாகரிக் அதிகார் மஞ்ச்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். 2005-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். மூத்த வழக்கறிஞர் கிரீஷ் படேல் அவர்களுக்காக வாதாடினார். மாற்று ஏற்பாடு செய்யாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது.

கவனிக்க வேண்டியது, இந்த மக்கள் ஆற்றங்கரை அழகாகக் கூடாது என்று வழக்குப் போடவில்லை. திட்டத்தை ரத்து செய்யச் சொல்லித் தீக்குளிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் மறுகுடியமர்த்தும் திட்டம் முழு வடிவம் பெற்றது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. கோரிக்கை எழாமல் இருந்திருந்தால் இந்த எண்ணிக்கை இவ்வளவு தூரம் வளர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

கிடைத்தது முழு நீதி என்றும் சொல்ல முடியாது. வீடுகள் கம்ப்யூட்டர் குலுக்கலில் ஒதுக்கப்பட்டன. முப்பது வருடம் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் நகரத்தின் வெவ்வேறு மூலைகளுக்குச் சிதறினார்கள். கரையிலிருந்து நடந்தே வேலைக்குப் போனவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போனது. தகுதிச் சான்று காட்ட முடியாதவர்கள், பட்டியலில் இடம் பெறக் காத்திருந்தவர்கள் எனப் பலர் தெற்கே பீப்லஜில் உள்ள திறந்தவெளிக்குத் தள்ளப்பட்டார்கள். பிராணா குப்பைமேட்டிலிருந்து அதிக தூரமில்லாத இடம் அது. குஜரி பஜார் வியாபாரிகளும் நீதிமன்றப் படியேறிய பிறகுதான் 2014-இல் கரையிலேயே அவர்களுக்கென அமைத்த மைதானம் திறக்கப்பட்டது. சலவைத் தொழிலாளர்களுக்கும் தனி இடம் கட்டித் தரப்பட்டது. மனது வைத்தால் இருந்தவர்களையும் வரைபடத்துக்குள் சேர்க்க முடியும் என்பதற்கு இவை இரண்டும் சாட்சி.

தண்ணீருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நகரத்துக்குள் நிரம்பி நிற்பது சபர்மதியின் சொந்தத் தண்ணீர் அல்ல. நர்மதை பிரதான கால்வாயிலிருந்து விடப்பட்டு, தெற்கே வாஸ்னா தடுப்பணையில் தேக்கப்படும் தண்ணீர். தடுப்பணையைத் தாண்டினால் காட்சி மாறுகிறது. சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து ஓடும் அந்தப் பகுதியின் நிலைமையைப் பார்த்துத்தான் உயர் நீதிமன்றம் 2021-இல் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. படத்தில் வரும் 11 கிலோமீட்டருக்கு வெளியேயும் சபர்மதி என்றுதான் பெயர்.

இப்போது அதே பாணி புனேயில். மூளா, முட்டா, இரண்டும் சேர்ந்த மூளா-முட்டா ஆகிய ஆறுகளின் கரையில் 44 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டம். வடிவமைப்பது பிமல் படேலின் நிறுவனமே. ஆனால் எதிர்த்து நிற்பவர்கள் வேறு. இங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் கட்டடக் கலைஞர்கள், பறவை ஆர்வலர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள். ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படும் என்று தெரிந்ததும் 2023 ஏப்ரலில் 'சிப்கோ' இயக்கத்தின் பெயரைச் சொல்லி ஊர்வலம் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போனார்கள்.

அவர்களின் கவலை மரத்தோடு முடிவதில்லை. மகாராஷ்டிராவில் ஆற்றோரம் இரண்டு கோடுகள் குறிக்கப்படுகின்றன. 25 வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு நீலக் கோடு, 100 வருடத்துக்கு ஒருமுறை வருவதற்குச் சிவப்புக் கோடு. கரையைக் கட்டி ஆற்றை ஒடுக்கினால் தண்ணீர் எங்கே ஏறும் என்கிறார்கள். 1961 ஜூலையில் பான்ஷேத் அணை உடைந்து நகரம் மூழ்கியதைப் புனே மறக்கவில்லை. 2024 ஜூலையில் கடக்வாஸ்லா அணை திறக்கப்பட்டபோது சிங்ககட் சாலைப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. முதலில் சாக்கடையை நிறுத்துங்கள், அப்புறம் படித்துறை கட்டலாம் என்பது அவர்களின் இன்னொரு வாதம். சாக்கடையைச் சுத்திகரிக்க ஜப்பானியக் கடனுதவியோடு 2016-இலேயே தனித் திட்டம் கையெழுத்தானது.

அகமதாபாத்தில் குடிசைவாசிகள் வீட்டைக் கேட்டார்கள். புனேயில் நடுத்தர வர்க்கம் ஆற்றைக் கேட்கிறது. இரண்டு கூட்டமும் சந்தித்ததில்லை. ஆனால் இருவரின் புகாரும் ஒன்றே. எல்லாம் முடிவான பிறகுதான் தங்களுக்குச் சொல்லப்பட்டது என்பது அது. ஒப்பந்தம் கொடுத்த பிறகு நடக்கும் கருத்துக் கேட்பு வெறும் அறிவிப்புதான். அந்த நிலையில் எதிர்ப்பவர்களுக்கு நீதிமன்றத்தைத் தவிர வேறு வாசல் இருப்பதில்லை. பிறகு வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்ற பழியும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

சபர்மதியைப் பார்த்து வருகிறவர்கள் நடைபாதையின் அளவைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்குக் கட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் நல்லது. அடுத்த நகரத்தில் அந்த வருடங்கள் மிச்சமாகும்.