எல்லா ஊசியும் ஒரே ஊசியல்ல

"பாதர், நல்ல ஊசி ஒன்று போட்டால் காய்ச்சல் நிண்டிடும்; எங்க போடலாம்?" இரத்மலானையில் உறவினர் வீடுகளுக்கு வந்து தங்கும் நம் விவசாயக் குடும்பத்தவர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. ஊரில் வயலில் நின்றுவிட்டுக் காய்ச்சலோடு பஸ் ஏறியவர்கள். அவர்கள் நாடுவது பெரும்பாலும் செப்டிரையக்சோன். முன்பு யாருக்கோ கேட்டதாம்.

அந்த மருந்தைக் குறை கூற நான் வரவில்லை. செபலோஸ்போரின் எனும் இம்மருந்துக் குடும்பம் 1945இல் சார்டினியாத் தீவில், கழிவுநீர் கடலில் விழும் இடத்தில் ஜுசெப்பே புரோட்சு என்ற வைத்தியர் கண்ட பூஞ்சணத்திலிருந்து வந்தது. நியுமோனியா, மூளைக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றில் செப்டிரையக்சோன் எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சலுக்கும் அது உதவும்.

ஆனால் வயற்சேற்றில் வேறொரு கிருமியும் உண்டு. அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். இலங்கையில் 1927இலேயே கொழும்பில் ஒருவரிடம் காணப்பட்டும் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. தேடத் தொடங்கிய பின்னரே பல மாவட்டங்களிலும் இருப்பது தெரிந்தது. காலிலுள்ள வெடிப்பு, கீறல் வழியே புகும். சீனி வருத்தம் உள்ளவரையே அதிகம் வீழ்த்தும். நியுமோனியா போலவும் காசம் போலவும் வேடமிடும். ஈரலில் சீழ் கட்டும். இதற்குச் செப்டிரையக்சோனை நம்ப முடியாது. அதே குடும்பத்துச் செப்டாசிடிம், அல்லது மெரோபெனெம் வேண்டும். தாய்லாந்தின் உபொன் ராட்சதானியில் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், கடும் நோயாளரிடையே பழைய மருந்துகளுடன் 74 வீதமாயிருந்த இறப்பு செப்டாசிடிமுடன் 37 வீதமாயிற்று. அதையும் குறைந்தது 10 முதல் 14 நாள் நாளத்தில் ஏற்றி, பின் மூன்று மாதமாவது கொட்ரைமொக்சசோல் குளிசை விழுங்க வேண்டும்.

எது எந்தக் காய்ச்சல் என்று இரத்தத்தை எடுத்து கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். வழியில் ஒரு டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் அச்சோதனையில் கிருமி அகப்படாமலே போகலாம். இதில் நம் மக்களை மட்டும் குற்றஞ்சொல்ல மாட்டேன். ஒரு நாள் கூலி போகும் என்ற பயம் அவர்களுக்கு. கொழும்பில் சட்டை போட்டு வரிசையில் நிற்பவரை வயல்காரர் என்று எந்த வைத்தியர் அறிவார்? தொழிலைக் கேட்பது அவர் கடமை. கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். சிங்களம் வராவிட்டால் ஒரு துண்டில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள்: வயலில் வேலை, சீனி வருத்தம், முன்பு ஒவ்வாத மருந்து.

கடைசியாகச் சொன்னது சிறிய விடயமல்ல. 2023 ஜூலையில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் செப்டிரையக்சோன் ஏற்றியபின் ஓர் இளம்பெண் இறந்ததை நாடே பேசிற்று. ஒவ்வாமை வந்தால் உடனே அட்ரினலின் கொடுக்க ஆளும் மருந்தும் இருக்கும் இடத்திலன்றி இவ்வூசியைப் போடக் கூடாது. வீட்டுத் திண்ணையில் ஒருபோதும் கூடாது.

ஊசிதான் மருந்து, குளிசை ஏழைக்கு என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. 1987இல் அமைந்த அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் இதே இரத்மலானையில்தான் இருக்கிறது. அங்கு செய்யும் மலிவான குளிசை போதுமென்று வைத்தியர் சொன்னால், ஊசிக்கென்று இன்னொரு கதவைத் தட்டாதீர்கள்.