யார் அந்தச் சதிகாரர்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைச் சுட்டினாள். நூல் பிடித்து அளந்து பார்க்கலாம். இந்நாட்டில் ஆளத் தெரியாதோர் சுட்டும் திசையில் கூடமும் இல்லை, கோணலும் இல்லை. “சதி” என்ற ஒரு சொல்லே உண்டு. செய்தவர் யார்? “சில சக்திகள்.” எப்போது? விடையில்லை. எவ்வாறு? “அது உங்களுக்கு விளங்காது.”

முன்னாள் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச 2024 மார்ச்சில் ஒரு நூல் வெளியிட்டார். தம்மைப் பதவியினின்று அகற்றச் சதி நடந்தது என்பதே அதன் தலைப்பு. வெளிநாட்டார் துணை அதற்கிருந்தது என்பது அதன் வாதம். நாம் கேட்கிறோம்: 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்துத் திறைசேரியை வறிதாக்கியது எந்த அந்நியன்? டொலருக்கு நாடு தவித்த வேளையில், 2022 ஜனவரி 18 ஆம் நாள் 50 கோடி டொலரை வெளிநாட்டுக் கடன்முறிக்கு எடுத்துக் கொடுத்தது எவருடைய ஆட்சி? 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்து வர்த்தமானி வெளியிட்டது யார்? பெரும்போகத்துப் பயிர் மஞ்சளித்து நிற்கக் கமக்காரன் வரம்பில் நின்று கலங்கினானே, அவனுக்குப் பசளையை மறுத்தது மறைகரமா, கையொப்பமிட்ட கரமா?

வரி, கடன் பற்றிய இக்கேள்விகளைக் குடிமக்கள் சிலர் பெயரோடும் நாளோடும் தொகையோடும் உயர் நீதிமன்றத்தின் முன் வைத்தனர். 2023 நவம்பர் 14 இல் ஐந்து நீதியரசருள் நால்வர் தீர்ப்பளித்தனர்: கோத்தாபய, மகிந்த, பசில் ஆகிய மூன்று ராஜபக்சக்களும், மத்திய வங்கி, திறைசேரி உயர் அலுவலர் சிலரும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று. குறித்துச் சொன்ன குற்றச்சாட்டு, பொறுப்பாளியைச் சென்று பற்றிற்று. “சில சக்திகள்” மீது எந்த மன்றில் வழக்குத் தொடுப்பது?

பிழை செய்தவனுக்குப் போர்வையாகும் இதே சொல், பிழை செய்யாதவனுக்குத் தீயாகிறது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறிக்குள் ஒரு கட்டி தென்பட்டது. “சிங்களவரை மலடாக்கும் மாத்திரை!” என்றனர். உண்டவரை என்றென்றும் மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லை. அந்த மருந்தின் பெயரென்ன என்று கேட்பாருமில்லை. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்து கண்டது யாது? மாக்கட்டி!

அங்ஙனமாயின் உலகில் சதியே இல்லையோ? உண்டு. 1962 ஜனவரி 27 இரவு அரசைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் திட்டமிட்டனர் என்பது வரலாறு. அதற்கு நாள் இருந்தது, ஆள் இருந்தது. 24 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். 11 பேர் தண்டிக்கப்பட்டனர். ஆயினும், அவர்களுக்கென்றே தனிச்சட்டம் ஆக்கப்பட்டதெனக் கண்டு, 1965 இல் பிரிவிக் கவுன்சில் அத்தண்டனைகளை நீக்கியது. ஆளும் நாளும் தெரிந்த சதிக்கே இத்துணைச் சோதனை வேண்டுமாயின், ஆளும் நாளும் அற்ற சதியை அரைநொடியில் நம்புவது எங்ஙனம்?

இந்நோய்க்குத் தமிழர் நாம் விலக்கல்லர். தேர்தலில் தோற்றால் சதி; கூட்டுறவுச் சங்கம் நொடித்தால் சதி. கணக்கேட்டைப் புரட்டுவார் எவருமிலர். சான்றின்றி மனுவில் ஒரு வரி எழுதாத சட்டத்தரணியும், சோதனையின்றி மருந்தெழுதாத வைத்தியரும், மாலையில் கூடிப் பேசும்போது காற்றில் வந்த கதையை வேதமெனக் கொள்வது என்ன அறிவு? இலை வாடினால் வேரையும் நீரையும் பார்த்த பின்னன்றோ கமக்காரன் முடிவு கூறுகிறான்! அரசியலிலும் அந்த முறை ஆகாதோ?

ஆகும் என்பதற்குச் சுன்னாகமே சான்று. கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, “எதிரியின் சூழ்ச்சி” என்று கூறிக் கைகட்டி இருந்திருந்தால் இன்றும் வாளியும் கையுமாய்ப் புலம்பிக்கொண்டிருப்போம். கிணற்று நீர் சோதிக்கப்பட்டது, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று ஆராயப்பட்டது, வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, அயலவருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது.

ஆதலால் தமிழ் மக்களே, இனி எவரேனும் மேடையேறிச் “சதி” என்று முழங்குவாராயின், அவர் நம்மவராயினும், எழுந்து நின்று கேளுங்கள்: யார்? எப்போது? சான்று எங்கே? விடை தருபவரோடு வழக்குமன்றம் வரை நடப்போம். விடை தராதவர் தம் பொறுப்பிலிருந்த கணக்கேட்டை எடுத்துவந்து மேடையிலேயே விரிக்கட்டும்.