கோதுமை ஆகாத உடல்



நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது நாம் வெறுங்கையோடு செல்வதில்லை. ஒரு ஹார்லிக்ஸ் புட்டி, ஒரு ரொட்டிப் பொட்டலம், கொஞ்சம் பிஸ்கோத்து; இதுவே நம் பக்கத்து மரியாதை. காய்ச்சலில் கிடப்பவருக்குச் சோறு ஆகாது, ரொட்டியே ஆகாரம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த ரொட்டியே நோயாக முடிகின்ற உடல்களும் உண்டு. அத்தகையோருக்கு நாம் அன்போடு கொண்டுசெல்லும் பையில், கோதுமையும் வாற்கோதுமையும் கலந்த அந்தச் சத்துமாவு உட்பட, ஆகாத பொருள்களே நிறைந்திருக்கும். கொடுப்பவருக்கும் அது தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. 'சீலியாக்' என்று மருத்துவர்கள் வழங்கும் இந்நோயைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலை எங்கள் புளியங்குடி வழியாகவே செல்கிறது. மாலை வேளையில் சாலையோரப் பரோட்டாக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். மாவு உருண்டையை மாஸ்டர் வீசி வீசி அடிக்க, அது கிழியாமல் துணிபோல் விரிகிறது. அரிசி மாவையோ கேழ்வரகு மாவையோ அப்படி வீச முடியுமா? கோதுமைக்கு அந்த இழுவையைக் கொடுப்பது 'குளூட்டன்' என்னும் புரதம். வாற்கோதுமையிலும், மேனாடுகளில் விளையும் 'ரை' என்னும் தானியத்திலும் இதே இனத்துப் புரதங்கள் உள்ளன. பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. பிறவியிலேயே குறிப்பிட்ட மரபணுக் கூறு அமைந்தவர்களுள் சிலருக்கு மட்டும், இப்புரதம் உள்ளே சென்றதும் உடலின் காவற்படையே சிறுகுடலைப் பகைவனென்று எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சுவதற்கென்று குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. அதன்பின் பாலும் முட்டையும் கீரையும் எவ்வளவு கொடுத்தாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர்தான்.

மருத்துவ உலகமே இதை மெதுவாகத்தான் கண்டுகொண்டது. இலண்டனில் சாமுவேல் கீ என்பவர் 1888-ஆம் ஆண்டில் இந்நோயின் குறிகளைத் தெளிவாக எழுதி, குணமாவதானால் உணவினாலேயே ஆகவேண்டும் என்று கூறினார். 1924-இல் நியூயார்க் நகரத்து மருத்துவர் சிட்னி ஹாஸ், ரொட்டியை நிறுத்தி இக்குழந்தைகளுக்கு வாழைப்பழம் ஊட்டினார். பிள்ளைகள் தேறினர், புகழ் முழுவதும் வாழைப்பழத்துக்கே போயிற்று! நிறுத்தப்பட்ட ரொட்டியை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே என்பவர்தாம் கோதுமையின்மேல் ஐயங்கொண்டவர். 1944-45 குளிர்காலத்தில் போரின் காரணமாக அந்நாட்டில் கொடிய பஞ்சம் நிலவியது. மக்கள் துலிப் மலரின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். நாடே மெலிந்த அந்நாள்களில் சீலியாக் நோயுற்ற பிள்ளைகள் தேறினார்கள்; ரொட்டி திரும்பியபோது நோயும் திரும்பிற்று. டிக்கே தம் முடிவுகளை 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் நிலைநாட்டினார்.

"சாமி, நாம் சோறு தின்கிறவர்கள்; இது நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,331 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். தெற்கே சோதனை நடந்தது நம் வேலூர்ப் பகுதியில். இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், வடகிழக்கில் 0.87 பேரிடமும் காணப்பட்டது; தெற்கே 0.10 மட்டுமே. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக் கூறு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம் என்றால், தெற்கேயும் 36 பேரிடம் இருந்தது! வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்கிறார். தெற்கே 25 கிராம். உடலின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு தட்டில் இருக்கிறது. (வடகிழக்கில் 37 கிராம்தான் உண்கிறார்கள்; எனினும் அங்கே நோய் நம்மைவிட மிகுதி. ஆகவே தட்டு ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது.) நம் தட்டோ மாறி வருகிறது. காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கோத்து, இரவில் பரோட்டா, சர்க்கரை வியாதிக்காரருக்குச் சப்பாத்தி என்று ஆகிவிட்டதே!

நோய் அரிதாயிருப்பது நல்லதே. ஆயினும் அரிதாயிருக்கும் நோயை எவரும் முதலில் நினைப்பதில்லை என்பதுதான் சங்கடம். ஒரு சிறுமி மெலிந்து, வெளுத்து, வயிறு உப்பியிருக்கிறாள். வகுப்பில் அவளே குள்ளம். முதலில் பூச்சி மருந்து. அடுத்து இரும்புச்சத்து மாத்திரை. பின்னர் வயிற்றுக் காசநோயோ என்ற ஐயம். இடையில் கண்ணேறு கழிப்பதும், நேர்ச்சை வைப்பதும் நடக்கும். (நேர்ச்சை வைக்கட்டும், மருத்துவரிடமும் போகட்டும்.) "சாப்பிடச் சொன்னால் அடம் பிடிக்கிறாள்" என்ற ஏச்சு வேறு. அவளே வளர்ந்து மணமாகிப் போனபின், எத்தனை மாத்திரை தின்றாலும் நீங்காத இரத்தச்சோகை, கருச்சிதைவு, வாய்ப்புண், எலும்பு வலி என்று நோய் வேறு வேடம் பூணலாம். வயிற்றுப்போக்கே இல்லாமலும் இந்நோய் இருப்பதுண்டு. அப்போது புகுந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் பெயர் என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆண்டுகள் கழித்து உண்மை தெரியவரும்போது இரத்தம் ஊறும், குடல் பெரும்பாலும் ஆறும். வளரும் பருவத்தில் இழந்த உயரமோ திரும்பி வராது.

ஆதலால் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். காரணமறியாத இரத்தச்சோகையும் வளர்ச்சிக் குறைவும் நீடித்தால், "இது சீலியாக் நோயாக இருக்குமோ?" என்று மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளிடம் இந்நோய் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுவதால், அவர்கள் விஷயத்தில் கட்டாயம் கேளுங்கள். முதலில் ஓர் இரத்தச் சோதனை. தேவையானால் குழாய் விட்டுக் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பார்கள். சோதனைக்கு முன்பே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் சோதனையில் அகப்படாமல் போகலாம். நோய் உறுதியானால் உடன்பிறந்தாரையும் சோதிப்பது நலம்.

இதற்கு மருந்து உணவு ஒன்றே. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்கவேண்டும். பஞ்சாபியரைவிட நமக்கு இது எளிது. சோறு, இட்டலி, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளம், பயறு, மீன், இறைச்சி எல்லாம் தாராளமாக ஆகும். மறைந்து வரும் கோதுமைதான் இடர். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். திருவிழா அசனத்தின் சாம்பாரிலும் முறுக்கிலும் அந்தப் பெருங்காயம் இருக்கும். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் அரிசியைக் கொட்டினால், அம்மாவில் கோதுமையும் சேரும். பூரி பொரித்த எண்ணெயில் வடை சுட்டாலும் அப்படியே. "ஒரு துண்டு கேக் தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று கிறிஸ்துமஸ் நாளில் வற்புறுத்தும் அத்தைமாரும் மாமாமாரும் நம் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. ஆகிவிடும், அம்மா. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே குடல் மீண்டும் புண்படும்.

இனி, என்னிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். நற்கருணை அப்பமும் கோதுமையாலானதுதானே? ஆம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் சட்டம், அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்கவேண்டும் என்கிறது. அரிசி அப்பம் ஆகாது; குளூட்டனை முற்றிலும் நீக்கிய அப்பமும் செல்லாது. இதைக் கேட்டதும் சிலர் மனமுடைந்து, பந்திக்கு வராமலே ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் உடல் கெட்டாலும் கெடட்டும் என்று உட்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் இராட்சிங்கரின் கையொப்பத்துடன், ஆயர் பேரவைகளுக்கு எழுதிய மடல் இதைத் தெளிவாக்குகிறது. அப்பமாக உருப்பெறப் போதிய அளவு குளூட்டன் உள்ள குறை-குளூட்டன் அப்பம் செல்லும். அதைப் பயன்படுத்த ஆயர் அனுமதி தரலாம். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துக் கிளைட் என்னுமிடத்திலுள்ள பெனடிக்ட் சபைச் சகோதரிகள், பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே குளூட்டன் உள்ள அப்பத்தைச் செய்து காட்டினார்கள். அதுவும் ஒவ்வாதவர், இரச வடிவில் மட்டுமே நற்கருணை பெறலாம். 925-ஆம் சட்டமும் இதற்கு இடந்தருகிறது. ஒவ்வொரு வடிவிலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார் என்று 1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம் வரையறுத்ததை மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். ஆகவே இரச வடிவில் மட்டும் பெறுபவர் குறைவாகப் பெறுவதில்லை.

நடைமுறையில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. திருப்பலியில் குரு அப்பத்தைப் பிட்டு, ஒரு சிறு துணுக்கைத் தம் இரசக் கிண்ணத்தில் இடுகிறார். அக்கிண்ணத்திலிருந்து இவர்களுக்குக் கொடுத்தால் கோதுமையும் சேர்ந்தே போகும். தனிச் சிறு கிண்ணம் ஒன்றைப் பீடத்தில் வைத்து, அப்பம் தொட்ட கை படாமல், மற்றவர்களுக்கு முன்பாகவே அவர்களைப் பருகச் செய்வது நல்லது. ஆகவே உங்கள் வீட்டில் இந்நோயுள்ள பிள்ளை புதுநன்மைக்கு ஆயத்தமானால், வெள்ளையுடை தைக்கக் கொடுக்கும் முன்பே பங்குத்தந்தையிடம் வந்து சொல்லுங்கள். ஆயரின் அனுமதி பெறவும், தனிக் கிண்ணம் தேடவும், உபதேசியாருக்கும் உடன் நிற்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லவும் அவருக்கும் சில வாரங்கள் வேண்டுமல்லவா?