மூச்சு எண்ணுதல்

“விருப்பப் பட்டியல்ல முதல்ல எதைப் போடட்டும்?” என்று கம்ப்யூட்டர் சென்டர் தம்பி கேட்டதும், மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அண்ணன் “பி.ஃபார்ம்” என்றார். நான் “பிசியோதெரபி” என்றேன். அண்ணன் மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பி.எஸ்சி. நர்சிங்” என்றாள்.

மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, “படிக்கப்போறவங்க மட்டும் சொல்லுங்க” என்றார் தம்பி. மானாமதுரையில் அந்தச் சின்ன அறைக்குள் அன்று விவரமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

தமிழ்நாட்டில் நர்சிங் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரியலை நூறாகவே வைத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி, 200க்கு ஒரு கட்-ஆஃப் போடுகிறார்கள். உயிரியலில் 94, இயற்பியலில் 82, வேதியியலில் 88. ஆக 94, 41, 44, கூட்டினால் 179. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயரே அதுதான். “நூத்தி எழுபத்தொன்பதுக்குக் கிடைக்குமா?” என்று பால்காரர்கூட விசாரித்தார். ஒரே விண்ணப்பத்தில் நர்சிங், பி.ஃபார்ம், பிசியோதெரபி என்று பல படிப்புகளும் வந்துவிடுவதால், வரிசையில் எதை முதலில் வைக்கிறோம் என்பதில்தான் சண்டை.

அண்ணனின் எதிர்ப்புக்குக் காரணங்கள் இருந்தன. நைட் டியூட்டி, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதையெல்லாம் நான் சமாளித்துவிட்டேன். “2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல அத்தனை நர்சுகள் உட்கார்ந்து போராடினாங்களே, எதுக்கு? தொகுப்பூதியத்துல வச்சிருக்கீங்க, நிரந்தரம் பண்ணுங்கன்னுதானே? படிச்சு முடிச்சு இவளும் அங்க போய் உட்காரணுமா?” என்று கேட்டார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

சித்தப்பா ஒருவர், “நர்சுக்கெல்லாம் எதுக்குப்பா டிகிரி?” என்றார். இதற்கு மட்டும் பதில் வைத்திருந்தேன். சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871இல். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். அதே வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பே வந்தது 1946இல். “நாடு சுதந்திரம் வாங்கறதுக்கு முந்தியே நர்சுக்கு டிகிரி இருந்தது சித்தப்பா” என்றேன். அவர் வெற்றிலையை மாற்றி மென்றார்.

இவ்வளவு பேசிய நானும் பட்டியலில் பிசியோதெரபியைத்தானே முதலில் சொன்னேன்? அது ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன்.

அவள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது என் அம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மதுரையில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். பில் கட்டுவதும் மருந்துச் சீட்டோடு ஓடுவதும் என் வேலை. கட்டிலருகே இருந்தது இவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு சிஸ்டர் வந்து, தலையணையை இங்கே சொருகி அங்கே எடுத்து, அம்மாவை இடம் மாற்றிப் படுக்கவைப்பாராம். எதற்கு என்று இவள் கேட்டிருக்கிறாள். “ஒரே இடத்துல அழுத்திக்கிட்டே இருந்தா அங்க ரத்தம் ஓடாதும்மா. தோல் செத்துப்போயி புண்ணாகிடும்” என்று சொல்லி, குதிகாலையும் முதுகின் அடிப்பக்கத்தையும் தொட்டுக் காட்டியிருக்கிறார். அம்மா படுக்கைப்புண் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார். தினமும் மூன்று நிமிடம் வந்து போன டாக்டரின் பெயரும் அவர் படித்த கல்லூரியும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அந்த சிஸ்டரின் பெயரை நான் கேட்கவே இல்லை.

இவள் கேட்டு வைத்திருந்தாள்.

கலந்தாய்வு முடிவதற்குள் ஏஜென்ட்டுகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். எண் எப்படிக் கிடைத்ததோ, நாளுக்கு நாலு அழைப்பு. “பெங்களூர்ல சீட் ரெடி, ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துடுங்க” என்றார் ஒருவர். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் அப்படிக் கொடுத்துவிட்டு, படிப்பைப் பாதியில் விட்ட பிறகும் சான்றிதழைத் திரும்ப வாங்க ஒரு வருடம் நடந்த கதை எங்களுக்குத் தெரியும். அதனால் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டோம். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி? மாநில நர்சிங் கவுன்சிலும் இந்திய நர்சிங் கவுன்சிலும் அங்கீகரித்திருக்கின்றனவா? பிள்ளைகள் பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரி எது, அதில் எத்தனை படுக்கை? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பலர் இணைப்பைத் துண்டித்தார்கள். நர்சிங் கல்லூரிக்கு ஆஸ்பத்திரிதான் வயல். வயல் இல்லாமல் விவசாயம் சொல்லித்தருகிற இடங்களும் நாட்டில் இருக்கின்றன. இந்த வருடம் விண்ணப்பிக்கிற வீடுகளுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த மூன்று கேள்விகளைத்தான். நாலு வருடம் முடித்த பிறகு கவுன்சிலில் பதிவு செய்தால்தான் வேலை பார்க்க முடியும். அங்கீகாரம் இல்லை என்று அங்கே போய் நிற்கும்போது தெரிந்து என்ன பயன்?

கடைசியில் அரசு ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரி கிடைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். வெள்ளைச் சீருடை தைத்தோம். அண்ணன் ஒன்றும் பேசாமல் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தார்.

முதல் மாதம் போனிலெல்லாம் அழுகைதான். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை. உடம்புக்குள் 206 எலும்பும் இங்கிலீஷ் பேசின. “தொடை எலும்பு எனக்குத் தெரியும் அத்தை, ஃபீமர்தான் தெரியாது” என்றாள். உடற்கூறியல், உடலியங்கியல் போக உளவியலும் சமூகவியலும் உண்டு என்றதும் அண்ணன் மிரண்டுபோனார். ஊசி போடக் கற்றுக்கொள்ள சமூகவியல் எதற்கு? “வார்டுக்கு வர்றவங்க உடம்பை மட்டுமா தூக்கிட்டு வர்றாங்கன்னு மேடம் கேக்குறாங்கப்பா” என்றாள்.

செய்முறை வகுப்பில் முதலில் ஊசி கையில் வரும் என்று ஆசையாக இருந்தவளுக்குக் கொடுத்தது பெட்ஷீட். கட்டில் விரிப்பதற்கு அத்தனை வகை உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆள் வராத கட்டிலுக்கு ஒன்று, ஆபரேஷன் முடிந்து வருபவருக்கு ஒன்று, எலும்பு முறிந்தவருக்கு ஒன்று, நெஞ்சு நோயால் படுக்க முடியாமல் சாய்ந்தே உட்கார்ந்திருப்பவருக்கு வேறொன்று. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. அந்தச் சுருக்கம்தான் நாளைக்கு முதுகில் புண்ணாகும். மூலையை உறை மடிப்பதுபோல் மடிக்க வேண்டும். ஏழெட்டுத் தடவை பிரித்துப் பிரித்து மடிக்கச் சொன்னார்களாம்.

அதற்கடுத்து எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் என்று எல்லாவற்றுக்கும் எண். குடித்தது எத்தனை மில்லி, வெளியேறியது எத்தனை மில்லி என்று அதற்கும் எண். வார்டில் சீனியர் அக்கா ஒருவர், 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், இந்தக் குழாயில் மில்லிக்கு இருபது சொட்டு, அப்படியானால் நிமிடத்துக்கு இருபத்தொன்று என்று மனக்கணக்காகச் சொன்னாராம். “நம்ம கட்-ஆஃப் கணக்கெல்லாம் சும்மா அத்தை” என்றாள்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் விளக்கேந்திய சீமாட்டி என்றே படித்திருக்கிறோம். அவர் மறு கையில் ஒரு கணக்கு நோட்டும் இருந்தது. கிரிமியப் போரில் செத்த சிப்பாய்களை எண்ணி, காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்கள்தான் அதிகம் என்று வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர். லண்டனின் புள்ளியியல் சங்கம் 1858இல் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அந்தச் சங்கத்தில் முதல் பெண் அவர்தான். நம் மொழியில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, நினைப்பதும் எண்ணுவதுதான். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இந்தச் சொல் பிடித்திருக்கும்.

பொங்கல் லீவுக்கு வந்தவள் பையை வைத்துவிட்டு நேராக அப்பத்தா கட்டிலுக்குப் போனாள். அம்மா இப்போது அதிகம் நடமாடுவதில்லை. விரிப்பைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

“அப்பா, இங்க வாங்க. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க.”

ஆளைப் படுக்கவைத்தபடியே விரிப்பு மாற்ற இரண்டு பேர் இருந்தால் நல்லது. அப்பத்தாவை அண்ணன் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். “விழாம பிடிச்சுக்கங்க. இழுக்காதீங்க, சும்மா தாங்குங்க.” பழைய விரிப்பை முதுகோரம்வரை சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மறுபடி இந்தப் பக்கம் திருப்பி, அண்ணனை விட்டே பழையதை உருவச் சொன்னாள். ஈரமும் நாற்றமுமாக இருந்த துணியை அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் மூலையை மடித்தாள். உறை மாதிரியேதான் இருந்தது.

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து அப்பத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முடிந்தது. கையை விடவில்லை. இன்னொரு நிமிடமும் ஆனது.

“என்னடி இவ்வளவு நேரம் எண்ணுற? எத்தனை?” என்றார் அம்மா.

“எழுபத்தெட்டு அப்பத்தா. நல்லாருக்கு.”

நோட்டில் இரண்டு எண்களை எழுதியிருந்தாள். 78க்குப் பக்கத்தில் 18. இது எப்போது எண்ணினாய் என்று அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

“ரெண்டாவது நிமிஷம் மூச்சை எண்ணினேன் அத்தை. நாடி பாக்குற மாதிரியே கையைப் பிடிச்சுக்கணும். மூச்சை எண்ணப்போறேன்னு சொல்லிட்டா, அவங்களை அறியாமலே மூச்சு மாறிடும்.”

கொல்லையில் அண்ணன் விரிப்பை அலசிக்கொண்டிருந்தார்.