வலியில்லாத புண்

மூக்கு நோயை நாம் நோயாகவே மதிப்பதில்லை. சளி என்போம், தூசி என்போம், அத்தோடு விட்டுவிடுவோம். தொழிலாளியின் மூக்கையும் இவ்வாறே விட்டுவிடுவது பெருந்தவறு என்பது என் கருத்து.

லூதியானாவின் சைக்கிள் உறுப்புத் தொழிலை எடுத்துக்கொள்வோம். கைப்பிடிக்கும் சக்கர வளையத்துக்கும் பளபளப்பைத் தருவது குரோமிய முலாம். பள்ளியில் செம்பு முலாம் பூசிக் காட்டும் ஆசிரியர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மயில்துத்தக் கரைசலில் ஏறக்குறைய மின்னோட்டம் முழுவதும் செம்பைப் படியச் செய்கிறது. குமிழிகள் மிகக் குறைவு. குரோமிக அமிலத் தொட்டியிலோ மின்னோட்டத்தின் பெரும்பகுதி வாயுக்களை எழுப்புவதிலேயே செலவாகிறது. அக்குமிழிகள் மேற்பரப்பில் வெடிக்குந்தோறும் அமிலத்தின் நுண்துளிகள் பனிப்படலம்போல் எழுந்து, தொட்டியின்மீது குனிந்து நிற்பவரின் மூச்சோடு உட்செல்கின்றன. பள்ளிச் சோதனையை மட்டும் கண்ட மாணவனுக்கு இவ்வபாயம் புலப்படாது.

அத்துளிகள் மூக்கின் நடுச்சுவரில், முன்புறக் குருத்தெலும்பின்மீது படிகின்றன. குருத்தெலும்புக்குத் தனக்கென இரத்தக் குழாய் கிடையாது; மேலே போர்த்திய சவ்வே அதற்கு ஊட்டம் தருவது. சவ்வு அரிக்கப்பட்டால் குருத்தெலும்பும் மாய்ந்து துளை விழுகிறது. முதலில் நீர்வடிதலும், பொருக்குக் கட்டுதலும், சிறிது குருதிக் கசிவும் இருக்கலாம். துளை சிறிதாயின் மூச்சு விடும்போது சீழ்க்கையொலி கேட்கும். பெரிதானபின் அதுவும் நின்றுவிடக்கூடும். வலியோ பெரும்பாலும் இராது. தம் மூக்கில் துளை உண்டென்பதையே அறியாமல் பல்லாண்டு வேலை செய்வோர் உண்டு.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குரோமியப் புண்ணை அறிவிக்கத்தக்க நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. மருத்துவம் பார்ப்பவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதியனுப்ப வேண்டுமென்றும் விதித்தது. நல்ல விதிதான். ஆனால் வலி இல்லாதவர் மருத்துவரிடம் செல்வதெங்ஙனம்? மேலும், மின்விசையோடு இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அச்சட்டம் அதனைத் தொழிற்சாலை எனக் கொண்டது. 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தொகுப்பு அவ்வெல்லையை 20 ஆக உயர்த்திற்று. அபாயத் தொழிலாயின் ஒருவரே வேலை செய்யும் இடத்தையும் அறிவிக்கையால் உட்படுத்தலாம் என்பது மெய்யே. அறிவிக்கை வரும்வரை சந்துக்குள் நாலைந்து பேர் வைத்து நடத்தும் முலாம் கூடத்தை யார் பார்ப்பது?

மரத்தூள் செய்யும் கேடு இன்னும் மெதுவானது. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் மேசை நாற்காலி செய்வோரிடையே மூக்குக்குழியிலும் சைனஸ் அறைகளிலும் அரிதான ஒருவகைப் புற்றுநோய் மிகுந்திருந்தது 1960களில் தெரியவந்தது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதே எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வெளியிட்டது. தூளைச் சுவாசித்த காலத்துக்கும் நோய் தோன்றும் காலத்துக்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிவதால், சகாரன்பூரில் மரச்சிற்பத்தை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் இளைஞர் தம் முதுமையின் நோயை இன்றே ஈட்டுகிறார் என்பதைக் கண்டு சொல்வார் இலர்.

ஆதலின் முறையீட்டுக்காகக் காத்திராமல் நாமே சென்று பார்க்க வேண்டும். களப்பணியாளர் செய்யக்கூடியது எளிது. கட்டைவிரலால் மூக்கு நுனியை உயர்த்தி, ஒரு நாசியில் டார்ச் விளக்கைக் காட்டி மறு நாசியை நோக்கினால், துளை இருப்பின் ஒளி நேரே தெரியும். பொருக்கோ புண்ணோ கண்டாலும் மருத்துவரிடம் அனுப்பிவிடலாம். அனுப்பும் சீட்டில் அவர் எத்தொட்டியருகே எத்தனை ஆண்டு நின்றார் என்பதையும் குறிக்க வேண்டும். நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கேளுங்கள் என்று ராமஸ்ஸீனி 1700இலேயே எழுதினார், இன்றும் பல மருந்துச் சீட்டுகளில் அவ்வரி வெறுமையாகவே கிடக்கிறது.

முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு முதலாளி ஓய்ந்துவிடுவதை ஏற்கலாகாது. நனைந்த துணி அமிலத்தை மூக்கருகிலேயே தேக்கி வைக்கும். தொட்டியின் விளிம்பிலேயே ஆவியை இழுத்து வெளியேற்றும் விசிறிக் குழாயே முதலில் கேட்க வேண்டியது. தொழிற்பயிற்சி நிலையத்தில் முலாம் பூசக் கற்பிக்கும் ஆசிரியர் தம் கூடத்துத் தொட்டிக்கு அக்குழாய் உண்டா, அது உண்மையில் இழுக்கிறதா என்பதை ஒரு புகையும் ஊதுவத்தியை விளிம்பருகே பிடித்து இவ்வாரமே பார்த்துக்கொள்ளலாம்.