துகளின் ஒளி எது?

2004-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில், மின்வில் புகைக்கரியிலிருந்து பெற்ற கார்பன் நானோகுழாய்களைச் சுத்தி செய்யும் பொருட்டு மின்முனைக் கவர்ச்சி முறையைக் கையாண்ட ஆராய்ச்சியாளர்கள், தாங்கள் தேடாத ஒரு பொருள் பட்டை பட்டையாகப் பிரிந்து, புற ஊதாக் கதிரின் கீழ்ப் பல வண்ணங்களில் பிரகாசிப்பதைக் கண்டார்கள். குழாயை நாடியவர்களுக்குக் கசடாக வந்து வாய்த்த அவ்வகைத் துகளே, 2006-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் யா-பிங் சன் குழுவினரால் லேசர் கொண்டு ஆக்கப்பட்டு, ‘கார்பன் புள்ளி’ என்னும் நாமமும் பெற்று, 2009-இல் உயிருள்ள சுண்டெலியின் சரீரத்துள்ளிருந்தே ஒளி காட்டியது.

மருத்துவப் படிமவியலார் இத்துகள்களின்பால் கொண்ட பற்றுக்குத் தக்க காரணங்கள் உண்டு. காட்மியம் கலந்த குவாண்டம் புள்ளிகளைப் போல நச்சு உலோகம் கசியுமோ என்னும் அச்சத்துக்கு இவற்றில் இடமில்லை. செய்முறையும், சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் நீரில் கரைத்து, டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவில் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைப்பதோடு முடிந்துவிடுகிறது. சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தார் 2013-இல் இவ்வழியே ஏறத்தாழ 80 சதவீதக் குவாண்டம் விளைவை அறிவித்தபின், இம்முறையைப் பின்பற்றாத ஆய்வுக்கூடம் அரிதாயிற்று.

ஆயினும், அந்த ஆட்டோகிளேவைத் திறந்தவுடன் கிடைக்கும் பழுப்புக் கரைசலை 1000 டால்டன் வரம்புடைய டயாலிசிஸ் பையில் கட்டி, வாலைவடிநீர் நிரம்பிய பீக்கரில் மிதக்கவிட்டு, மறுநாட் காலையில் அறை விளக்குகளை அணைத்து 365 நானோமீட்டர் விளக்கைக் காட்டிப் பார்த்தவர், பைக்கு வெளியேயுள்ள நீர் நீலமாகச் சுடர்வதை அறிவார். நீரை மாற்றினால், சில மணி நேரத்தில் மீண்டும் நீலம். அங்கே ஒளிர்வது பையின் நுண்துளைகளுக்குள் புகுந்து வெளியேறத்தக்க சிறு மூலக்கூறு; மேற்கூறிய இரு பொருள்களும் கூடிப் பிறப்பிக்கும், ஐ.பி.சி.ஏ. எனச் சுருங்க வழங்கப்படும் இமிடசோபிரிடீன் சேர்மத்தின் மூலக்கூறு எடை வெறும் 180 மட்டுமே.

இது வேதியியலாரின் நுட்ப விவாதம் என்று உயிரியலார் ஒதுக்கிவிடலாகாது. துகளுக்கும் சிறு மூலக்கூறுக்கும் உயிரணுவுள் புகும் வழி வேறு, உடலில் பரவும் விதம் வேறு, சிறுநீரகத்தில் வடிந்து வெளியேறும் வேகமும் வேறு; ஆகவே, நுண்ணோக்கியில் தெரிந்த நீலத்தைத் துகளின் நீலமென்று பிரமித்து, அதன்மேல் நச்சின்மையையும் இலக்குத் திறனையும் நிர்ணயிப்போமானால், ஒன்றின் குணத்தை மற்றொன்றின் பெயரால் நோயாளிக்குப் பரிந்துரைக்கும் பிழைக்கு ஆளாவோம்.

எனவே, இப்பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள், டயாலிசிஸ் நடந்த கால அளவையும் பையின் வரம்பையும் குறிப்பதோடு, வெளிநீரின் ஒளிர்வு நிறமாலையை உள்நீரின் நிறமாலைக்கு அருகே வைத்துக் காட்டவேண்டுமென்றும், குவாண்டம் விளைவைச் சுத்திகரித்த பின்னரே அளக்கவேண்டுமென்றும் வேண்டிக்கொள்கிறோம். அவ்வாறு அளக்கும்போது எண் 80-இலிருந்து வெகுவாகக் குறைந்து நிற்குமாயின், அந்தக் குறைந்த எண்ணையே நாங்கள் மகிழ்ந்து பிரசுரிப்போம். சுத்தி செய்யும் சிரமத்தை மேற்கொண்டவர்களின் கண்ணிலேதான் இத்துகள் முதன்முதலாகப் பட்டது. அச்சிரமத்தை நாம் கைவிடாதிருப்பதே அதற்குச் செய்யும் நியாயம்.