கேஸ் கட்டைக் கைவிடும் வக்கீலுக்கும் கடமை உண்டு!



வருசநாட்டிலிருந்து கம்பம் வரை மேகமலை அடிவாரத்தில் பிழைக்கிற நமக்கு வனத்துறை வழக்கு புதுசல்ல. 2009இல் சரணாலயம், 2021இல் புலிகள் காப்பகம். மலைமாடு எல்லை தாண்டினாலும் கேஸ், காட்டுப்பன்றி வேலியிலும் கேஸ். தண்டனை விழுந்துவிட்டால் அப்பீல்தான் கதி. மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் 30 நாளுக்குள் செசன்சு கோர்ட்டு. செசன்சு தீர்ப்பு என்றால் 60 நாளுக்குள் ஐகோர்ட்டு மதுரைக் கிளை.

அந்த அப்பீல் நடக்கும்போதே வக்கீல் ஒதுங்கிக்கொண்டால்? வாய்தா தேதி நமக்குத் தெரியாது. பிடிவாரண்டோடு போலீஸ் வாசலில் நிற்கும்போதுதான் சங்கதியே தெரியவரும்!

வக்கீல் விலகவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பொய் சொல்லச் சொல்லி கட்சிக்காரன் நெருக்கினால் அவர் விலகத்தான் வேண்டும். ஆனால் ஏற்ற வழக்கைத் தகுந்த காரணமில்லாமல், போதிய அவகாசம் கொடுத்து அறிவிக்காமல் விடக்கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. செய்யாத வேலைக்கு வாங்கிய பீஸைத் திருப்பித்தர வேண்டும். பீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக்கூடாது என்று 2000இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. நாம் நம்பிச் சொன்ன ரகசியத்தை விலகிய பிறகும் வெளியிடக்கூடாது.

"கேஸ்ல ஒண்ணுமில்லப்பா" என்று கைகழுவுவது இன்னொரு வகை. அமெரிக்காவில் ஆண்டர்ஸ் என்ற ஏழைக் கைதிக்கு அரசு வைத்த வக்கீல் அப்படித்தான் கடிதம் எழுதி ஒதுங்கினார். 1967இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டு முழுவதையும் படித்து, கைதிக்குச் சாதகமாக வாதாட இடமுள்ள ஒவ்வொன்றையும் எழுதிக்கொடுத்த பிறகே விலக அனுமதி கேட்கலாம் என்றது. அது அவர்கள் சட்டம். நியாயம் நமக்கும் பொதுதானே?

நம் நாட்டிலும், வக்கீல் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக கிரிமினல் அப்பீலைத் தள்ளக்கூடாது, கட்டைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று பானி சிங் வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் பேச ஆளில்லாத கட்டு எவ்வளவு பேசும்?

கோவையில் போலீசாருக்காக ஆஜராகக்கூடாது என்று வக்கீல் சங்கம் போட்ட தீர்மானம் செல்லாது என்று 2010இல் சுப்ரீம் கோர்ட்டு அடித்துச் சொன்னது. போலீஸ்காரருக்கு உள்ள உரிமை ஏர் பிடிக்கிறவனுக்கு இல்லையா?

ஆகவே நாம் கோருவது:

1. விலகும் வக்கீல் அடுத்த வாய்தா தேதியோடு தமிழில் எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும்.

2. மாற்று வக்கீலோ, சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலோ வரும்வரை கோர்ட்டு விலகலை ஏற்கக்கூடாது.

3. சிறையில் இருப்பவருக்குச் சிறை அதிகாரி மூலம் நேரில் தெரிவிக்க வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. பீஸுக்கு ரசீது கேளுங்கள். தீர்ப்பு நகலும் அப்பீல் நம்பரும் வீட்டில் இருக்கட்டும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்புக்குள் உண்டு. 15100க்கு போன் செய்யுங்கள். இது தர்மமல்ல, 1987ஆம் வருடச் சட்டம் தந்த உரிமை!

கேட்டால்தான் கிடைக்கும். சேர்ந்து கேட்போம், வாரீர்!

– செயலாளர்